பூஜைக்கு நடுவே ஓடிய இருபத்தொரு நிரல்கள்

இருபத்தாறு ஆண்டுகளாக நான் கம்ப்யூட்டர் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அத்தனை காலத்தில் நான் எழுதிய எந்த நிரலும் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. கொடுத்த எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கண்டுபிடிக்கும் நிரலை மட்டும் ஆயிரம் பேருக்காவது சொல்லித் தந்திருப்பேன். திண்டிவனத்தில் அந்தச் சந்தேகம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகே, மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, மொத்தம் ஒன்பது கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றுதான் அவசரத்துக்கு வேகமாக ஓடும். சென்டரை நடத்துகிறவன் கல்லூரியில் என்னோடு படித்தவன். அவன் என்னை 'வாத்தியாரே' என்பான். நான் அவனை 'மொதலாளி' என்பேன். இரண்டு பட்டமும் கேலிக்காக ஆரம்பித்தவை. பிறகு வேறு பட்டம் எதுவும் வராததால் நிலைத்துவிட்டன.

எல்லாரிடமும் செல்போன் வந்த பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். முன் அறையைச் செல்போன் கவர் விற்கிறவர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை வந்து அளவெடுத்துவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில்தான் என்னிடம் படித்து வெளிநாட்டுக்குப் போன பழைய மாணவி ஒருத்தி எழுதினாள். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெரிய நிரல் தொகுப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலை இருக்கிறது, இந்திய மொழிகளுக்கு ஆள் தேடுகிறார்கள், முதலில் ஒரு வெள்ளோட்டம், அதில் தேறினால் ஓராண்டு வேலை.

கடிதத்தை மொதலாளியிடம் காட்டினேன். அவன் இரண்டு முறை படித்தான்.

"இது கெடைச்சா சென்டரு ஓடும்யா. கெடைக்கலன்னா முன்ரூமைக் கவர் கடைக்கு உட்டுட்டு பின்ரூமைப் பூட்டிட வேண்டியதுதான். நீ விழுப்புரத்துலயே குந்திக்கினு பேப்பர் படி."

"நீ?"

"நான் கவர் விப்பேன். எனக்கு என்ன, வாயிருக்குது."

அந்த நிரல் தொகுப்பு என்ன செய்யும் என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு மென்பொருள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும். தேதியை அந்த ஊர்க்காரர்கள் எழுதுவது போல எழுத வேண்டும், பெயர்களை அந்த மொழியின் அகர வரிசையில் அடுக்க வேண்டும், எண்ணில் காற்புள்ளியை அவர்கள் வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இந்த நாகரிகத்தையெல்லாம் மென்பொருளுக்குக் கற்றுத்தருவதுதான் அதன் வேலை. அதோடு இருபத்தொரு மாதிரி நிரல்கள் வரும். இனிப்புக் கடைக்காரர் உள்ளங்கையில் ஒரு விள்ளல் அல்வா வைத்து "சாப்ட்டுப் பாருங்க" என்பாரே, அது மாதிரி. ஒவ்வொன்றையும் கூடவே வரும் குறிப்புப் பக்கத்தில் சொன்னபடி கட்டி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, தமிழுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்து, சரியாக வருகிறதா என்று ஒரு பட்டியலில் எழுதி அனுப்ப வேண்டும். அல்வா தின்று பார்த்துச் சொல்லும் வேலை. ஆனால் தொகுப்பு முழுவதையும் முதலில் நாமே கிண்ட வேண்டும். எங்கள் ஒரே நல்ல கம்ப்யூட்டருக்கு அதற்கு மட்டும் மூன்றரை மணி நேரம் பிடித்தது.

முதலில் ஓடியது எண் நிரல். 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்டு நின்றது. அவர்கள் அனுப்பிய பட்டியலில் எதிர்பார்க்கும் விடையாக மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். "பட்டியல் தவறு, நிரல் சரி, எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று எழுதினேன். வெளிநாட்டுக்காரர்களைத் திருத்தி நான் எழுதிய முதல் வாக்கியம் அது. எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வரிசைப்படுத்தும் நிரலுக்கு நான் தினமும் பேருந்தில் கேட்கும் ஊர்ப்பெயர்களையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் கொடுத்தேன். இரும்பை, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம், பிரம்மதேசம், மயிலம், விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று அழகாக அடுக்கியது. மொதலாளி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இந்த ரூட்ல பஸ் வுட்டா டிரைவர் பைத்தியம் புடிச்சி ஓடிடுவான்யா."

மாத நாட்காட்டியைத் தமிழில் அச்சிடும் நிரல் மட்டும் அவனுக்குப் பிடித்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தான். கிழமை எல்லாம் சரியாக இருந்தது.

"ராவு காலம் போடல?"

"அது வராது."

"எமகண்டம்?"

"அதுவும் வராது."

"அப்போ என்னா காலண்டரு அது? வெறும் தேதி தெரிஞ்சிக்கினு என்ன பண்றது?"

இதைப் பட்டியலில் குறையாக எழுதலாமா என்று அரை நிமிடம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படியாகப் பத்தொன்பது நிரல்கள் முடிந்தன. இரண்டுதான் பாக்கி. கெடு, விஜயதசமி அன்று நண்பகல் பன்னிரண்டு மணி. கெடு வைத்தவர்களுக்கு அது விஜயதசமி என்று தெரியாது. ஆயுத பூஜை அன்று காலையில் சீக்கிரமே போய், படையலுக்கு முன்பே பாக்கி இரண்டையும் முடித்துப் பட்டியலை அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம். பூஜைக்கு முந்தின நாள் மனைவியின் உத்தரவுப்படி நான் விழுப்புரத்தில் ஏணி மேல் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். அதே நாள் திண்டிவனத்தில் மொதலாளியும் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

ஆயுத பூஜை அன்று காலை எட்டரை மணிக்கு மாடி ஏறினேன். தரை கழுவிவிட்டிருந்தது. வாசலில் வாழைக்கன்று. ஒன்பது கம்ப்யூட்டரும் புதிது போல மின்னின. என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் ஒரு வாரமாக வேலை செய்த ஃபோல்டர் இல்லை.

"இங்க ஒரு ஃபோல்டர் இருந்துச்சே?"

"ஆமாம்யா, சுத்தம் பண்ணேன்." அவன் பூசணிக்காயில் துளை போட்டுக்கொண்டிருந்தான்.

"எதைச் சுத்தம் பண்ண?"

"கம்ப்யூட்டரைத்தான். வெளியில மட்டும் துடைச்சா ஆச்சா? உள்ள எவ்ளோ குப்பை சேர்த்து வெச்சிருக்கற நீ! புள்ளி ஓ, புள்ளி ஓன்னு முடியறது மட்டும் ஆயிரக்கணக்குல கெடந்துச்சு. தொறந்தா ஒண்ணுகூடத் தொறக்கல."

"அது கம்ப்யூட்டர் படிக்கிறதுய்யா. மனுஷன் தொறக்கிறது இல்ல. குப்பைத் தொட்டியில இருக்குமில்ல?"

"அதையும் காலி பண்ணிட்டேன். பண்டிகையும் அதுவுமா எவனாச்சும் குப்பையை வூட்டுக்குள்ள வெப்பானா?"

ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைப்பது எல்லா ஊரிலும் உண்டு. கருவிக்குள் இருக்கும் கோப்புகளையும் துடைத்துப் படைக்கும் பக்தி அவன் ஒருவனிடம்தான் கண்டிருக்கிறேன். முழுப் பழியையும் அவன் மேல் போடவும் முடியாது. என் பட்டியலையும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தேன். முக்கியமான எதையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பது நான் முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம். இருபத்தாறு ஆண்டுகளாகத் தவறாமல் சொல்லித்தருகிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். பூசணிக்காயை மடியிலேயே வைத்துக்கொண்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்டிவிட்டது.

"எல்லாமே போச்சா?"

"நெட்டுலேர்ந்து இறக்கி வெச்ச மூலக் கட்டு மட்டும் இருக்குது. அதை ஏன் விட்ட?"

"அது கட்டி வெச்ச பார்சல் மாதிரி படம் போட்டிருந்துச்சு. யாரோ ஊட்டுப் பார்சலு, நமக்கென்னன்னு வுட்டுட்டேன்."

சரி, மறுபடி கட்டலாம். ஆனால் பத்தரை மணிக்குப் பூஜை. சந்தனம் குங்குமம் வைத்த பிறகு கருவியைத் தொடக்கூடாது. மறுநாள் மறுபூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கும் பத்தரைதான் நேரம் குறித்திருந்தான். பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் மூன்றரை மணி நேர வேலையைச் செய்ய எந்த நிரல் தொகுப்பும் உதவாது. வேறு கம்ப்யூட்டர் தேடலாம் என்றால் அன்றைக்கு மாவட்டம் முழுவதும் எல்லாக் கம்ப்யூட்டரும் பொட்டு வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். 'எங்கள் கம்ப்யூட்டர்கள் இன்று வழிபாட்டில் இருப்பதால்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர் நிலையில் என்னை வைத்துப் படித்தேன். அழித்துவிட்டேன்.

அப்போது, பூஜைக்கென்று அடுத்த பேருந்தில் வந்த என் மனைவி சுண்டல் பாத்திரத்தோடு மாடி ஏறி வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "என்னாண்ணே, பூஜைன்னு கூப்ட்டீங்க, எழவு வூடு மாதிரி குந்தியிருக்கீங்க?"

மொதலாளி நடந்ததைச் சொன்னான். நான் சொல்லியிருந்தால் அவன் குற்றத்தைக் கொஞ்சம் குறைத்திருப்பேன். அவன் குறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பூசணிக்காயைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். பிறகு நிமிர்ந்தான்.

"வாத்தியாரே, தொடக்கூடாதுன்னுதான சொல்றாங்க. ஓடக்கூடாதுன்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா?"

"புரியல."

"பிரம்மதேசத்துல எம் மச்சான் போர் மோட்டாருக்குப் பூஜை போடுவான். மோட்டாரு பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும், மேல பொட்டு வெப்பான். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி கட்டற நேரத்துல நிறுத்த முடியுமா? பூஜைக்கு முன்னாடி நீ ஒரே ஒரு தபா தட்டி வுட்டுடு. அது பாட்டுக்கு ஓடட்டும். நான் கற்பூரம் காட்டறேன்."

"சாமி கும்பிடற அன்னிக்குக்கூட அதைச் சும்மா வுடமாட்டீங்க," என்றாள் மனைவி. ஆனாலும் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணரை மணி நேரம்தான் இருக்குது, ஜல்தியா பண்ணுங்க" என்றாள்.

செய்ய வேண்டியது இதுதான். கட்டைப் பிரிப்பது, தொகுப்பைக் கட்டுவது, இருபத்தொரு மாதிரிகளையும் ஒவ்வொன்றாகக் கட்டி ஓட்டுவது, ஒவ்வொன்றின் விடையையும் தனித்தனிக் கோப்பில் எழுதுவது, ஒன்று தோற்றாலும் நிற்காமல் அடுத்ததற்குப் போவது. இத்தனைக்கும் ஒரே கட்டளைக் கோப்பு. ஒருமுறை எண்டர் தட்டினால் மறுநாள் வரை மனிதக் கை படாமல் ஓட வேண்டும். நடுவில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த முடியாது.

என் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வகுப்பில் நான் எழுதிக் காட்டும் எந்த நிரலும் முதல் தடவையில் ஓடியதே கிடையாது. பிழைச் செய்தி வந்ததும் திரும்பி நின்று, "இதை வேணும்னேதான் போட்டேன், எங்க தப்புன்னு யார் சொல்றீங்க பார்ப்போம்" என்பேன். யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் கால் நூற்றாண்டு ஓட்டியிருக்கிறேன்.

அன்றைக்குக் கேட்பதற்கு வகுப்பு இல்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்தேன். மனைவி பின்னால் நின்று குறிப்புப் பக்கத்தைப் பார்த்து நிரல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் சரிபார்த்தேன். பதினாறாவதை விட்டிருந்தேன். அவள்தான் கண்டுபிடித்தாள். பத்து இருபத்தைந்துக்கு மொதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றான். எண்டரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

வரிகள் மேலே ஓட ஆரம்பித்தன. அவன் திரையின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தான். மவுஸுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பெரிய சாமந்தி மாலை. மாலை சரியாகக் காற்று வெளியேறும் துளைகளின் மேல் விழுந்தது.

"யோவ், மூச்சு முட்டும்யா அதுக்கு!"

"மாலை போட்டா எடுக்கக்கூடாது."

"எடுக்க வேணாம். ஒரு சாண் நகர்த்து."

இதுபற்றி வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அரைச் சாண் நகர்ந்தது. கற்பூரம் காட்டும்போது நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடவில்லை. ஓடுகிற வரிகளைப் பார்த்துத்தான் கும்பிட்டோம்.

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாக அணைந்துவிடும் என்பது எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அணைந்தது. மவுஸை லேசாக அசைத்தால் மறுபடி வரும். மவுஸின் மேல் குங்குமம் இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு இருந்த ஒரே செய்தி, பெட்டிக்குள் ஓடும் மின்விசிறியின் சத்தம். கம்ப்யூட்டருக்கு வேலை இருந்தால் அது இரையும், இல்லாவிட்டால் அடங்கிவிடும். பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு மூன்று பேரும் அந்த இரைச்சலுக்குக் காவல் இருந்தோம். கீழே தெருவில் மாலை போட்ட ஆட்டோக்களும் லாரிகளும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போயின. நண்பகலுக்குச் சற்று முன் மின்சாரம் போனது. யூ.பி.எஸ் கீச்சிட்டது. மொதலாளி சாமி படத்தைப் பார்த்து, "பேஜாரு பண்ணாத" என்றான். ஐந்து நிமிடத்தில் வந்தது. விசிறி நிற்கவே இல்லை.

இரண்டரை மணிக்கு இரைச்சல் அடங்கியது.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சிருக்கலாம். நடுவுலயே நின்னும் போயிருக்கலாம்."

"எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"நாளைக்குத்தான்."

விழுப்புரத்துக்குத் திரும்பும் பேருந்து கூட்டேரிப்பட்டில் நெரிசலில் மாட்டி வெகு நேரம் நின்றது. அந்த நேரம் முழுவதும் என் கட்டளைக் கோப்பை மனதுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். விக்கிரவாண்டி வருவதற்குள் இரண்டு பிழை கண்டுபிடித்தேன். இரண்டும் நான் செய்யாத பிழைகள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெளிவானது.

மறுநாள் பத்தரை மணி. மறுபூஜையை மொதலாளி அதற்கு முன் எந்த ஆண்டும் இல்லாத வேகத்தில் முடித்தான். மாலையை எடுத்தான், ஈரத் துணியால் மவுஸைத் துடைத்தான், என்னிடம் நீட்டினான். அசைத்தேன்.

இருபத்தொரு கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எண் சரி. நாட்காட்டி சரி. ஊர்ப்பெயர்கள் வரிசையாக நின்றன. முதல் முறையாக, நான் எழுதிய ஒன்று எழுதியபடியே ஓடியிருந்தது, அதுவும் ஆள் இல்லாத இடத்தில். பதினேழாவது கோப்பைத் திறக்கும்போது எனக்குக் கொஞ்சம் மிதப்பே வந்திருந்தது. அதில் விடை இல்லை. தமிழ் வாசகங்கள் இருக்கும் தரவுக் கோப்பைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி இருந்தது.

"போன வாரம் இது ஓடுச்சே," என்றேன்.

"நான் ஒண்ணும் தொடல," என்றான் மொதலாளி உடனே.

பதினைந்து நிமிடம் தேடினேன். பிறகு புரிந்தது. போன வாரம் அந்த நிரலை ஓட்டும் முன், தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒரு வரி தட்டிச் சொல்லியிருந்தேன். பழக்க தோஷம். யோசிக்காமலே செய்திருந்தேன், அதனால் ஓடியது. குறிப்புப் பக்கத்தில் அந்த வரியே கிடையாது. கட்டளைக் கோப்பில் குறிப்பில் உள்ளதை மட்டும் எழுதியிருந்தேன். துடைத்த இடத்தில், சொன்னதை மட்டும் செய்யும் ஒரு கம்ப்யூட்டர் ஓட்டிப் பார்த்தபோதுதான் குறிப்பில் ஒரு படி இல்லை என்பது வெளியே வந்தது.

அந்த வரியைச் சேர்த்து ஓட்டினேன், ஓடியது. பதினொன்று நாற்பதுக்குப் பட்டியலை அனுப்பினேன். துடைத்த கம்ப்யூட்டரில், கை படாமல் ஓட்டியதில் இருபது சரி. பதினேழாவது, உங்கள் குறிப்பில் உள்ளபடி செய்தால் ஓடாது, இந்த வரியைச் சேர்த்தால் ஓடும். அனுப்பிய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கெல்லாம் ஓடி எனக்கு மட்டும் ஓடவில்லை என்றால், நான் ஒற்றைப்படை இரட்டைப்படை வாத்தியார்தான் என்பது கடல் கடந்தும் தெரிந்துவிடும்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வெள்ளோட்டம் செய்த மற்ற எல்லாரும் பதினேழாவதைச் சரி என்று எழுதியிருந்தார்களாம். அவர்களே புது இடத்தில் ஓட்டிப் பார்த்தார்களாம், ஓடவில்லையாம். குறிப்பைத் திருத்திவிட்டார்கள். இந்திய மொழிகளுக்கான ஓராண்டு வேலை திண்டிவனத்துக்கு. கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: துடைத்த கம்ப்யூட்டரில், எதையும் கையால் தொடாமல் ஓட்டிப் பார்க்கும் இந்த முறையை நீங்கள் எப்படி உருவாக்கினீர்கள்?

படித்துக் காட்டினேன். மொதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எழுது. எங்க மொதலாளிதான் உருவாக்கினாருன்னு எழுது."

"நீ அழிச்ச."

"அழிச்சதாலதான வந்துச்சு? நீ பாட்டுக்கு எல்லாம் சரின்னு எழுதி அனுப்பியிருப்ப, பத்தோட பதினொண்ணா போயிருக்கும்."

கீபோர்டை இழுத்துக்கொண்டேன். எங்கள் இடத்தின் வழக்கம் என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

கவர் கடைக்காரர் அடுத்த முறை அளவெடுக்க வந்தபோது மொதலாளி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். பிறகு திருத்திய குறிப்புப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். நடுவில், சாம்பல் நிறப் பெட்டிக்குள், நான் அனுப்பிய வரி இருந்தது.

"இதுல திண்டிவனம்னு எங்க போட்டிருக்குது?"

"போட மாட்டாங்க."

"உம் பேரு?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்னாத்துக்குய்யா இப்படிப் பல்லை இளிச்சிக்கினு பார்த்துக்கினு இருக்கற?"

எந்த நாட்டில் யார் அந்த நிரலை ஓட்டினாலும் இந்த வரியைத் தட்டித்தான் ஆக வேண்டும், தட்டாவிட்டால் ஓடாது என்று விளக்கினேன். அவன் திரையை நெருங்கி அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தான். ஊர்ப் பெயரைப் போடச் சொல்லி உடனே எழுது என்றான். நான் எழுதவில்லை. ஆனால் தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறேன். வரி அங்கேதான் இருக்கிறது.